மரத்தைப் பாட வைத்த ஆட்டிடையன்

ஒரு குழந்தை முதன்முதலாக எழுந்து நிற்கிறது. கால்கள் தள்ளாடுகின்றன. விழுந்து விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் அது விழவில்லை. ஓர் அடி எடுத்து வைக்கிறது.

இந்தக் காட்சியை ஒரு சிற்பி மரத்தில் செதுக்கினார். 'முதல் அடி' என்று அதற்குப் பெயர் வைத்தார். 1914-ஆம் ஆண்டில் அந்தச் சிலை கப்பலேறி அமெரிக்கா போயிற்று. நியூயார்க் நகரில் கண்காட்சியில் வைத்தார்கள். பலரும் பார்த்தார்கள்.

பிறகு நடந்ததுதான் அதிசயம். சிலையைச் செய்த கையே அதை உடைத்துப் போட்டது!

கை, கால், உடல் எல்லாம் போயிற்று. தலையை மட்டும் அந்தச் சிற்பி எடுத்து வைத்துக்கொண்டார். சிலை முழுசாக இருந்தபோது எடுத்த போட்டோ மட்டும் மிஞ்சியது.

பெற்ற பிள்ளையைப் போன்ற சிலையை ஒருவர் ஏன் உடைக்க வேண்டும்?

அந்தச் சிற்பியின் பெயர் கான்ஸ்டன்டின் பிரான்குசி. இருபதாம் நூற்றாண்டின் சிற்பக் கலையையே மாற்றியவர். அவருடைய கதையைக் கேட்டால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

மரத்தால் ஆன ஊர்

ஐரோப்பாவில் ருமேனியா என்று ஒரு நாடு. அங்கே கார்பாத்திய மலை அடிவாரத்தில் ஹோபிட்சா என்று ஒரு சிற்றூர். அங்கே 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி பிரான்குசி பிறந்தார். ஏழைக் குடியானவர் வீடு.

அந்த ஊரில் எங்கே பார்த்தாலும் மரம்தான். வீட்டுச் சுவர் மரம். கூரை மரம். வாசல் கதவு, தண்ணீர் வாளி, சாப்பிடும் கரண்டி எல்லாம் மரம். திண்ணைத் தூண்களில் வெட்டு வெட்டாகப் போட்டு, ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டங்கள் அடுக்கினாற்போல் செதுக்கியிருப்பார்கள். கல்லறையில்கூட மரத் தூண் நடுவது உண்டு.

இதையெல்லாம் செய்தவர்கள் பெரிய சிற்பிகள் அல்ல. ஊர்த் தச்சர்கள். கோடாரியும் வாய்ச்சியும் உளியும்தான் அவர்கள் சொத்து. தூணில் யாரும் தங்கள் பெயரைப் பொறித்து வைக்கவில்லை.

ஏழு வயதில் பிரான்குசி மலையில் ஆடு மேய்க்கப் போனான். ஆடுகள் மேயும். இடையர்கள் குழல் ஊதுவார்கள், பாடுவார்கள். சிறுவன் கையில் கத்தி இருக்கும். கிடைத்த குச்சியை எடுத்துச் செதுக்கிக்கொண்டிருப்பான். மரமும் பாட்டும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அவனுக்கு வந்து சேர்ந்தன.

ஆனால் வீட்டில் நிம்மதி இல்லை. அப்பாவும் அண்ணன்மாரும் கொடுமைப்படுத்தினார்கள். அவன் பல முறை வீட்டை விட்டு ஓடினான். கடைசியில் ஒரேயடியாகப் போய்விட்டான். அப்போது அவனுக்குப் பத்து வயதை ஒட்டி இருக்கும். சாயப் பட்டறையில் வேலை செய்தான். மளிகைக் கடையில் எடுபிடியாக இருந்தான். மதுக்கடையில் தட்டு ஏந்தினான்.

பெட்டிப் பலகையில் பிடில்!

கிராயோவா என்ற நகரத்தில் வேலை செய்தபோது அவனுக்கு வயது 18. அங்கேதான் அவன் வாழ்க்கை திரும்பியது.

கடையில் சரக்கு வந்த பெட்டியின் பலகைகள் கிடந்தன. அடுப்பெரிக்கத்தான் அவை ஆகும். அந்தப் பலகையை எடுத்து அவன் பிடில் செய்தான்!

பிடில் செய்வது விளையாட்டு அல்ல. பலகை கொஞ்சம் தடித்தால் ஒலி வெளியே வராது. கொஞ்சம் மெலிந்தால் தந்தியின் இழுப்புத் தாங்காமல் விண்டு போகும். அதற்கென்று பரம்பரை பரம்பரையாகப் பழகிய கைகள் உண்டு. யாரும் கற்றுக்கொடுக்காமலே கடைப் பையன் செய்த அந்தப் பிடில் பாடியது என்று சொல்வார்கள்.

அந்த ஊர்ப் பணக்காரர் ஒருவர் அதைப் பார்த்து வியந்தார். இந்தப் பையன் கடையில் தட்டு கழுவ வேண்டியவன் அல்ல என்று நினைத்தார். கிராயோவா கைத்தொழில் பள்ளியில் அவனைச் சேர்க்க உதவினார்.

அங்கேயும் ஒரு சங்கடம். இளமையில் சரியாகப் பள்ளிக்கூடம் போகாத பையன் அவன். பள்ளியில் சேர வேண்டுமானால் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். அவன் சளைக்கவில்லை. 18 வயதில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டித் தானாகவே படித்தான். பள்ளியில் சேர்ந்து மர வேலை கற்றான். 1898-ஆம் ஆண்டில் நல்ல முறையில் தேறி வெளியே வந்தான்.

பிறகு தலைநகரான புக்கரெஸ்டில் நுண்கலைப் பள்ளி. அங்கே தோல் உரித்த மனித உடல் ஒன்றைச் சிலையாகச் செய்தார் பிரான்குசி. ஒவ்வொரு தசையும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மருத்துவ மாணவர்கள் பாடம் படிக்கவே அந்தச் சிலை பயன்பட்டது.

இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் அவர் கண் இல்லாத முகமும், கை இல்லாத உடலும் செய்தபோது, இவருக்கு ஒழுங்காகச் சிலை செய்யத் தெரியாது என்று சிலர் சிரித்தார்கள். தெரியாமல் விட்டவர் அல்ல அவர். தெரிந்தே விட்டவர்.

நடந்தே பாரிசுக்கு

அந்தக் காலத்தில் கலை என்றால் பாரிஸ். அங்கே போக வேண்டும். கையில் காசு இல்லை.

1903-ஆம் ஆண்டில் அவர் புறப்பட்டார். மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெரும்பாலும் நடந்தே போனார்! ஜெர்மனியில் மியூனிக் நகரில் சில காலம் தங்கினார். பிறகு சுவிட்சர்லாந்து. பிறகு பிரான்ஸ். வழியில் நோயாகப் படுத்தார். 1904-ஆம் ஆண்டு கோடையில் பாரிஸ் வந்து சேர்ந்தார்.

பகலில் ஓட்டலில் பாத்திரம் கழுவினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ருமேனியர்களின் மாதா கோயிலில் பாட்டுப் பாடினார். நல்ல குரல் அவருக்கு. அந்தப் பாட்டும் சோறு போட்டது.

1907-இல் பெரிய அதிர்ஷ்டம் வந்தது. உலகப் புகழ் பெற்ற சிற்பி ரோடானின் பட்டறையில் வேலை கிடைத்தது. வேறு யாராவது இருந்தால் அந்த இடத்தை விட்டு அசைந்திருக்க மாட்டார்கள். பிரான்குசி இரண்டே மாதத்தில் வெளியே வந்துவிட்டார். பெரிய ஆலமரத்தின் கீழே சின்னச் செடி வளராது என்று அவருக்குத் தோன்றியது.

ரோடானின் பட்டறையில் களிமண்ணில்தான் சிலை பிறக்கும். அதைப் பார்த்து ஆட்கள் கல்லில் வெட்டுவார்கள், உலோகத்தில் வார்ப்பார்கள். பிரான்குசிக்கு அது பிடிக்கவில்லை. ஊர்த் தச்சனைப் போல நேராகக் கல்லிலேயே உளியை வைத்தார். அதே ஆண்டில் 'முத்தம்' என்ற சிலை பிறந்தது. ஒரே கல்லில் ஆணும் பெண்ணும் கட்டித் தழுவி நிற்கிறார்கள். கல்லின் சதுரம்கூட மாறவில்லை.

கடல் கடந்து வந்த மர உருவங்கள்

அப்போது பாரிசில் ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருந்தது. ஆப்பிரிக்கச் சிற்பம் என்ற பேச்சு.

பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்காவில் பெரும் பகுதியைப் பிடித்து ஆண்டார்கள். அங்கிருந்து மரச் சிற்பங்களும் முகமூடிகளும் மூட்டை மூட்டையாகப் பாரிசுக்கு வந்தன. சிலவற்றை விலை கொடுத்து வாங்கினார்கள். சிலவற்றைப் பறித்தே வந்தார்கள். டிராக்கடேரோ அருங்காட்சியகத்தில் அவை தூசி படிந்து கிடந்தன. பழைய சாமான் கடைகளிலும் தொங்கின. அவற்றைக் கலை என்று யாரும் நினைக்கவில்லை. காட்டு மக்களின் வினோதப் பொருள் என்றே நினைத்தார்கள்.

மத்தீஸ், பிக்காசோ போன்ற ஓவியர்கள்தான் முதலில் விழித்தார்கள். 1907-இல் பிக்காசோ அந்த அருங்காட்சியகத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது அவருடைய ஓவியமே மாறிவிட்டது.

அந்த மர உருவங்களில் அப்படி என்ன இருந்தது?

மாலி நாட்டுப் பகுதியில் பம்பாரா என்ற மக்கள் வாழ்கிறார்கள். அவர்களிடையே மரச் சிற்பம் செய்கிறவர்கள் கொல்லர்கள். இரும்பை அடிக்கும் அதே கை, வாய்ச்சியைப் பிடித்து ஒரே மரத் துண்டிலிருந்து உருவத்தை வெட்டி எடுக்கும். ஒட்டு வேலை கிடையாது. தலை பெரிதாக இருக்கும். கால் குட்டையாக இருக்கும். ஆள் இருக்கிறபடி செய்வது அவர்கள் நோக்கம் அல்ல. ஆளிடம் எது முக்கியமோ அதைப் பெரிதாக்குவார்கள். மற்றதைச் சுருக்குவார்கள், அல்லது விட்டுவிடுவார்கள்.

காபோன் நாட்டுக் கோட்டா மக்களிடம் வேறொரு வகை உண்டு. முன்னோர்களின் எலும்பை ஒரு கூடையில் வைத்துக் காப்பாற்றுவார்கள். அந்தக் கூடைக்குக் காவலாக ஓர் உருவம். முகம் தட்டையாக, தாம்பாளம் போல இருக்கும். மரத்தின் மேல் பித்தளைத் தகடு அடித்திருப்பார்கள். விளக்கொளியில் அது பளபளக்கும்.

உள்ளதை உள்ளபடி செய்யாமல், அதன் சாரத்தை மட்டும் எடுத்துச் செய்யும் சிற்பத்தை இன்று அருவச் சிற்பம் என்கிறார்கள். ஐரோப்பாவில் அது புதுமை. ஆப்பிரிக்கத் தச்சனுக்கும் கொல்லனுக்கும் அது பாட்டன் காலத்துப் பழக்கம்!

அதைச் செய்தவர்களுக்கு அவரவர் ஊரில் பெயர் இருந்தது. நல்ல கைக்காரர் என்ற புகழும் இருந்தது. ஆனால் சிலையைக் கொண்டு வந்தவர்களில் பெரும்பாலோர் செய்தவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.

கோடாரி எடுத்த பிரான்குசி

1913, 1914 வாக்கில் பிரான்குசி மரத்தைக் கையில் எடுத்தார். அதுவரை கல்லும் உலோகமும்தான் அவருக்குப் பெரிது. மரத்தில் முதலில் பிறந்தவற்றில் ஒன்றுதான் அந்த 'முதல் அடி'.

பாரிசில் பழைய வீடுகளை இடிக்கும்போது கருவாலி மர உத்தரங்கள் கிடைக்கும். நூறாண்டு வெயிலும் மழையும் பார்த்து இறுகிப்போன கட்டைகள். அவற்றை வாங்கி வந்து பட்டறையில் நிறுத்தி வைப்பார். பல நாள் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கோடாரியும் ரம்பமும் எடுப்பார். கட்டையில் வெடிப்பு இருந்தால் மறைக்க மாட்டார். ஆணி அடித்த துளை இருந்தால் அடைக்க மாட்டார். வெண்கலத்தைக் கண்ணாடி போலத் தேய்த்துப் பளபளப்பாக்கும் அதே மனிதர், மரத்தில் கோடாரி வெட்டு தெரியும்படியே விட்டுவிடுவார்.

அப்படிப் பிறந்தவள்தான் 'சின்னப் பிரெஞ்சுப் பெண்'. வரி வரியாக வெட்டிய கழுத்து, மெலிந்த கால்கள், ஏதோ நடந்து வருவது போன்ற ஒரு நிலை. அப்படிப் பிறந்ததே 'ஆதாம் ஏவாள்'. ஆதாம் கீழே பாரம் சுமக்கிறான். அவன் தலைமேல் ஏவாள் நிற்கிறாள். ஏவாளின் உருண்டைகளையும் ஆதாமின் முரட்டு வெட்டுகளையும் பார்த்தால் ஆப்பிரிக்கா நினைவு வராமல் இருக்காது.

'மேடம் எல். ஆர்.' என்ற மரச் சிலையும் அப்படித்தான். கோட்டா மக்களின் காவல் உருவத்துக்கு அது உறவு என்று பலரும் சொல்கிறார்கள். 2009-இல் பாரிசில் அது ஏலத்துக்கு வந்தது. சுமார் 2 கோடியே 90 லட்சம் யூரோவுக்குப் போயிற்று! காபோன் நாட்டில் கூடைக்குக் காவல் செதுக்கியவருக்கு என்ன கூலி கிடைத்ததோ, யாருக்கும் தெரியாது.

'முதல் அடி'யைப் பற்றியும் ஆராய்ச்சியாளர்கள் ஒன்று சொல்கிறார்கள். டிராக்கடேரோ அருங்காட்சியகத்தில் ஒரு பம்பாரா உருவம் இருந்தது. இந்தக் குழந்தைச் சிலை அதற்கு மிகவும் நெருக்கமாக இருந்ததாம்.

'முதல் அடி'யைக் காட்டிய அதே நியூயார்க் கூடத்தில், அதே 1914-ஆம் ஆண்டின் இறுதியில், ஆப்பிரிக்க மரச் சிற்பங்களையே கண்காட்சியாக வைத்தார்கள். இரண்டையும் பார்த்தவர்களுக்கு ஒற்றுமை புரிந்திருக்கும்.

உடைத்தது ஏன்?

இங்கேதான் அந்தப் பழைய கேள்வி வருகிறது.

ஜேக்கப் எப்ஸ்டைன் என்று இன்னொரு பெரிய சிற்பி. லண்டனில் வாழ்ந்தவர். பிரான்குசியின் நண்பர். ஆப்பிரிக்கச் சிற்பத்தின் சாயல் நம்மேல் படியக் கூடாது என்று பிரான்குசி தம்மிடம் கண்டிப்பாகச் சொன்னதாகவும், அந்தச் சாயல் தெரிந்த தம் சிலைகளை அவரே அழித்துவிட்டதாகவும் எப்ஸ்டைன் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

ஆகவே பிரான்குசிக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்திருக்கிறது. பிறருடைய கை தம் சிலையில் தெரிகிறதே என்ற பயம். ரோடானின் நிழலை விட்டு ஓடியவர் அவர். பெயர் தெரியாத ஆப்பிரிக்கச் சிற்பியின் நிழலிலும் நிற்க அவருக்கு மனம் இல்லை.

ஆனால் நிழல் போகவில்லை. 'முதல் அடி'க்குப் பின்னும் பத்தாண்டுக் காலம் அவர் மரத்தில் செய்தவை எல்லாவற்றிலும் அது வந்து வந்து போகிறது. போகாததற்குக் காரணமும் உண்டு. ஹோபிட்சாவின் திண்ணைத் தூணைச் செய்த தச்சனும், மாலி நாட்டுக் கொல்லனும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் இருவர் கையிலும் ஒரே மாதிரிக் கருவி. இருவருக்கும் ஒரே கட்டை. இருவரும் வெட்டு வெட்டாகப் போட்டு, அடுக்கடுக்காக உருவத்தைக் கொண்டு வருகிறவர்கள். ஆப்பிரிக்கச் சிற்பத்தில் பிரான்குசி பார்த்தது பாதி புதுமை, பாதி அவருடைய ஊர்.

ஆகவே, எல்லாம் ஆப்பிரிக்காவிலிருந்து எடுத்தது என்று ஒரு கட்சி வாதாடுகிறது. எல்லாம் ருமேனியாவின் சொத்து என்று இன்னொரு கட்சி வாதாடுகிறது. மரத்தைப் பார்த்தால் இரண்டும் இருக்கிறது. எடுத்துக்கொண்டது தவறல்ல. எந்தக் கலைஞனும் எங்கிருந்தாவது எடுத்துக்கொள்கிறான். எடுத்ததை மறுத்ததுதான் பிரான்குசியிடம் உள்ள ஒரு குறை.

சூப் கொண்டு போன நண்பர்

பாரிசில் பிரான்குசியின் பட்டறை ரோன்சின் சந்தில் இருந்தது. மேசை, முக்காலி, கதவு நிலை எல்லாம் அவரே செய்தவை. விருந்தாளி வந்தால் தாமே அடுப்பு மூட்டிக் கறி வாட்டிக் கொடுப்பார். சாப்பாடு முடிந்ததும் பிடிலை எடுப்பார். ருமேனிய நாட்டுப் பாடல்களை வாசிப்பார், பாடுவார். கிராமபோனையும் தாமே பிரித்துக் கோத்து ஒலிபெருக்கி அமைத்தார். சுமார் 200 இசைத்தட்டுகள் சேர்த்து வைத்திருந்தார். பல நாட்டு இசையும் அதில் உண்டு.

அவருடைய ஆருயிர் நண்பர்களில் ஒருவர் இசை அமைப்பாளர் எரிக் சாட்டி. விசித்திரமான மனிதர். பரம ஏழை. அவருடைய இசையில் ஆடம்பரம் கிடையாது. ஒரே சின்ன வரி திரும்பத் திரும்ப வரும். ஒரு சிறு இசைப் பகுதியை எழுதி, அதை 840 தடவை வாசிப்பது பற்றிக் குறிப்பும் எழுதி வைத்தவர் அவர்!

கிரேக்க ஞானி சாக்ரடீஸ் நஞ்சுண்டு இறந்த கதைக்குச் சாட்டி இசை அமைத்தார். அழுகை இல்லாத, அமைதியான இசை. பிரான்குசி 1922-இல் கருவாலி மரத்தில் ஒரு 'சாக்ரடீஸ்' செதுக்கினார். தலையின் நடுவே பெரிய ஓட்டை! மூக்கு இல்லை, தாடி இல்லை. உலகமே ஒரு தலைக்குள் புகுந்து வெளியே போவது போல ஒரு வெட்டவெளி. மரத்தை எடுத்துவிட்ட இடம்தான் அங்கே சிற்பம். இசையில் வாசிக்காமல் விடும் இடம் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் அந்த ஓட்டை.

அதே காலத்தில் லிசிகா கோட்ரியானு என்ற ருமேனிய நடன மங்கை அந்தப் பட்டறையிலேயே, சிலைகளுக்கு நடுவே, சாட்டியின் இசைக்கு ஆடினாள். ஆடையைத் தைத்துக் கொடுத்ததும் பிரான்குசிதான்.

1925-இல் சாட்டி நோயில் படுத்தார். பிரான்குசி வீட்டில் சூப் வைத்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பார். அந்த ஆண்டு ஜூலை முதல் தேதி சாட்டி காலமானார்.

தாளம் போடும் தூண்

மரத்தில் அவர் செய்தவற்றில் மிகப் பெரியது எது? பார்த்தால் மிக எளிது.

1918-இல் ஒரு கருவாலிக் கட்டையை எடுத்தார். சுமார் 2 மீட்டர் உயரம். இரண்டு பக்கமும் வெட்டினார். உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், மறுபடி வெளியே வந்து... அவ்வளவுதான். உருவம் இல்லை. முகம் இல்லை. ஒரே வெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. 'முடிவில்லாத தூண்' என்று பெயர் வைத்தார்.

தாளம் கேட்ட காதுக்கு அது உடனே புரியும். ஒரே அடி, ஒரே இடைவெளி. அடி நின்ற பிறகும் காதில் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஹோபிட்சாவின் திண்ணைத் தூணிலும் அந்த வெட்டு உண்டு. ஆப்பிரிக்காவின் மர உருவங்களிலும் அந்த அடுக்கு உண்டு.

1920-இல் அமெரிக்கப் போட்டோக்காரர் எட்வர்ட் ஸ்டைக்கன் என்பவரின் தோட்டத்தில் 7 மீட்டர் உயரத்துக்கு அதையே மரத்தில் செய்து நிறுத்தினார். 1927-இல் ஸ்டைக்கன் அந்த வீட்டைக் காலி செய்தார். பிரான்குசி தூணை இரண்டாக அறுத்துப் பட்டறைக்குக் கொண்டு வந்தார்.

இதே ஸ்டைக்கன் வாங்கிய வெண்கலச் சிலை ஒன்றால்தான் அமெரிக்காவில் பெரிய வழக்கு நடந்தது. அந்தச் சிலையின் பெயர் 'வானில் பறவை'. 1926-இல் அது நியூயார்க் துறைமுகத்துக்கு வந்தபோது சுங்க அதிகாரிகள் விழித்தார்கள். சிறகு இல்லை, மூக்கு இல்லை, இது என்ன பறவை? சமையல் பாத்திரங்களுக்கும் ஆஸ்பத்திரிச் சாமான்களுக்கும் உரிய பட்டியலில் சேர்த்து, நூற்றுக்கு 40 வீதம் வரி போட்டார்கள்! கலைப் பொருளுக்கு வரி கிடையாது. ஆகவே வழக்குப் போனது. 1928 நவம்பரில் தீர்ப்பு வந்தது. பறவையைப் போல இல்லாவிட்டாலும் அது சிற்பமே என்று கோர்ட்டு ஒப்புக்கொண்டது.

இந்தூர் மகாராஜாவின் கோயில்

பிரான்குசிக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு.

இந்தூர் மகாராஜா யஷ்வந்த்ராவ் ஹோல்கர் பாரிசில் அவருடைய பட்டறைக்கு வந்தார். இளைஞர். புதுக் கலையில் ஆசை கொண்டவர். 'வானில் பறவை' மூன்றை வாங்கினார். ஒன்று வெண்கலம். ஒன்று வெள்ளைச் சலவைக்கல். ஒன்று கறுப்புச் சலவைக்கல். அவற்றை வைத்து இந்தூரில் ஒரு தியானக் கோயில் கட்டித் தரும்படி கேட்டுக்கொண்டார்.

பிரான்குசி மகிழ்ந்து போனார். கோயில், குளம், உள்ளே விழும் வெளிச்சம் என்று திட்டம் போட்டார். அந்தக் கோயிலுக்காகவே கருவாலி மரத்தில் ஓர் உருவமும் செய்தார் என்று சொல்கிறார்கள். சுமார் 3 மீட்டர் உயரம். 'புத்தரின் ஆவி' என்று முதலில் அதற்குப் பெயர் இருந்தது. பின்னால் 'அரசர்க்கரசர்' என்ற பெயர் நிலைத்தது. கழுத்து, திருகாணி போலச் சுற்றிச் சுற்றி இருக்கும்.

1938 ஜனவரியில் அவர் இந்தூர் வந்தார். ஆனால் மகாராஜா அவருக்குக் கிடைக்கவில்லை. மகாராணி சம்யோகிதா முந்தின ஆண்டுதான் காலமாகியிருந்தார். சில வாரங்கள் காத்திருந்து விட்டுப் பிரான்குசி திரும்பிப் போனார். கோயில் கட்டப்படவே இல்லை. சலவைக்கல் பறவைகள் இரண்டும் இன்று ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரத்தில் இருக்கின்றன. 'அரசர்க்கரசர்' நியூயார்க்கில் இருக்கிறார்.

சொந்த மண்ணில்

அவர் இந்தியாவுக்கு வந்த காலத்தை ஒட்டித்தான் இன்னொரு பெரிய வேலையும் நடந்தது. ஹோபிட்சாவுக்குப் பக்கத்து நகரம் டிர்கு ஜியு. முதல் உலகப் போரில் அந்த ஊரைக் காக்க உயிர் விட்டவர்களுக்கு நினைவுச் சின்னம் வேண்டும் என்று அந்த வட்டாரத்துப் பெண்கள் சங்கம் அவரைக் கேட்டது. சிறுவனாக ஓடிப்போன ஊருக்கு 61 வயதில் அவர் வந்தார்.

'முடிவில்லாத தூண்' இப்போது இரும்பில் எழுந்தது. உயரம் 29 மீட்டருக்கும் மேல். ஆனால் அதற்கும் முதல் மாதிரி மரம்தான். தொழிற்சாலையில் உட்கார்ந்து, தம் கையாலேயே ஒரு கட்டையைச் செதுக்கிக் கொடுத்தார். அதைப் பார்த்து இரும்பை வார்த்தார்கள். 1937 நவம்பரில் தூண் நின்றது. அதே நகரத்தில் கல்லில் 'முத்தத்தின் வாயில்' என்று ஒன்றும், 12 முக்காலிகள் சூழ்ந்த 'மௌன மேசை' என்று ஒன்றும் அமைத்தார்.

பிறகு ருமேனியாவில் ஆட்சி மாறியது. கம்யூனிஸ்டு அதிகாரிகளுக்கு இந்தக் கலை பிடிக்கவில்லை. 1950-களில் உள்ளூர் அதிகாரிகள் டிராக்டர் கட்டித் தூணை இழுத்துப் பார்த்தார்கள். தூண் அசையவில்லை! 2024-இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தம் சிலைகளை ருமேனியாவுக்குக் கொடுக்க பிரான்குசி முன்வந்தார் என்றும், 1951-இல் அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றும் கூறுவார்கள். அடுத்த ஆண்டு அவர் பிரெஞ்சுக் குடிமகன் ஆனார். பட்டறை முழுவதையும் பிரெஞ்சு அரசுக்கு எழுதி வைத்தார். ஒரே நிபந்தனை: எது எது எங்கெங்கே இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் பக்கத்தில் இருந்த இளம் ருமேனிய ஓவியத் தம்பதிகள் பார்த்துக்கொண்டார்கள். 1957 மார்ச் 16-ந் தேதி, 81-வது வயதில் பாரிசில் காலமானார்.

அரசு ஆட்கள் வந்து பட்டறையில் உள்ளதை எல்லாம் கணக்கெடுத்தார்கள். சலவைக்கல் இருந்தது. வெண்கலம் இருந்தது. அறுத்து வைத்த மரத் தூண் இருந்தது. உளி, கொட்டாப்புளி, ரம்பம், இசைத்தட்டுகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு சின்ன மரத் தலையும் இருந்தது. 'முதல் அடி' வைத்த குழந்தையின் தலை. நாற்பது ஆண்டுக்கு மேலாக அதை அவர் எறியவும் இல்லை. அதற்கு வேறு உடல் செய்யவும் இல்லை.